உப்பு வாங்கப் போனவன்

பாடைக்கு மட்டை முடைந்துகொண்டிருந்தவர்கள் கயிறு பத்தவில்லை என்று கத்தியபோது, அம்மாசி வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். பாயை உதறினார். தலையணையைத் தூக்கிப் பார்த்தார். டிவி மேல் கையை விட்டுத் துழாவினார். சீப்பு வந்தது, மருந்து அட்டை வந்தது, தேடியது வரவில்லை.

"இன்னாப்பா தேடற?"

மகள் கோகிலவாணி வாசற்படியில் நின்றாள். மணலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே அழுது முடித்திருந்ததால் குரல் கரகரவென்றிருந்தது.

"ஒண்ணுமில்ல."

"அம்மாவ வாசல்ல போட்டுட்டு இங்க வந்து எத்த கெளர்ற? வந்தவங்கல்லாம் நீ எங்கன்னு கேக்கறாங்க."

"வெத்தல தேடறன், போ."

வெற்றிலை மடியிலேயே துருத்திக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் தேடியது புத்தகம். அட்டை இல்லாத புத்தகம். நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் சாலம்மாள் அதைக் கையில் வைத்திருந்தாள். விடிந்து தண்ணீர் பிடிக்கப் போனவள் குழாயடியிலேயே உட்கார்ந்து, பிறகு சாய்ந்து, அப்படியே போய்விட்டாள். குடம் ரொம்பி வழிந்தபடி கிடந்ததாம். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து சொன்னபோது அம்மாசி நம்பவில்லை. போய்த் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

அவர் சுபாவமே அப்படி. ரேஷன் கடைத் தராசை நம்ப மாட்டார். டாக்டர் சொன்னால் மருந்துக்கடைக்காரனிடம் கேட்பார், மருந்துக்கடைக்காரன் சொன்னால் வாசலில் நிற்கிற ஆட்டோக்காரனிடம் கேட்பார். மூணாவது வரைக்கும் படித்ததில் பஸ் போர்டு படிக்கத் தெரியும். அதிலும் ஏறியபின் கண்டக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்வார். காலம் பூரா கரும்பு வெட்டியவர். சாலம்மாளும் கூடவே வெட்டினாள், முட்டி போனபிறகு கச்சிராயபாளையம் கிளை நூலகத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போனாள்.

அங்கேதான் இந்த வினை ஆரம்பித்தது. தை பிறந்ததும் ஒருநாள் புத்தகத்தோடு வந்தாள்.

"இன்னாத்துக்கு இது?"

"படிக்கறதுக்கு. வருசம் பூரா படிக்கப் போறன்."

அம்மாசிக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாளே நூலகத்துக்குப் போய் நின்றார். நூலகர் ஷாஜியா, கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள், சின்ன வயசுப் பெண்.

"இன்னாம்மா, எங்க வூட்டுக்காரிய எதுல கையெழுத்துப் போட வெச்ச?"

"கையெழுத்தெல்லாம் இல்லீங்க ஐயா. ஒரு வருசத்துக்கு ஒரு போட்டி வெச்சிருக்கேன். மாசம் ஒரு தினுசுன்னு நான் சொல்வேன், அந்தத் தினுசுல புஸ்தகம் படிக்கணும். படிச்சதையே படிக்கக் கூடாது, அவ்ளோதான்."

"ஜெயிச்சா இன்னா குடுப்ப?"

"ஒண்ணும் கெடையாதுங்க."

"தோத்தா இன்னா எடுத்துக்குவ?"

"அதுவும் கெடையாது."

"குடுக்கறதும் இல்ல, எடுத்துக்கறதும் இல்லன்னா, இதுல வேற இன்னாமோ இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தார். அது என்னவென்று கண்டுபிடிப்பதற்காகத்தான் அவள் படிக்கிறபோது பக்கத்தில் உட்காரத் தொடங்கினார். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாலம்மாளுக்கு வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். அஞ்சாவது வரைக்கும் படித்தவள், ஒவ்வொரு சொல்லாய்க் கல் பொறுக்குவது மாதிரி பொறுக்கிப் படிப்பாள். முதல் மாசம் சமையல் புத்தகம். அதில் போட்டிருந்த பலகாரத்துக்கு வேண்டிய சாமான் பாதி, கச்சிராயபாளையத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அடுத்தது பாம்புகளைப் பற்றி. சாரை வேற சாதி, நல்லபாம்பு வேற சாதி, ரெண்டும் இணை சேராது என்று எழுதியிருந்ததும் அம்மாசி எகிறினார். "எழுதினவன் கரும்புக் கொல்லையில கால வெச்சிருக்கானா? நான் கண்ணால பாத்தன்." "நீ பாத்தது ரெண்டு சாரயா இருக்கும்" என்றாள் அவள். அன்றைக்கு அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை.

அப்புறம் பனி கொட்டுகிற தேசத்துக்குப் போய்வந்த ஒருத்தர் எழுதியது. அப்புறம் ஒரு கொலைக்கதை. அதில் கொலைகாரன் யாரென்று அம்மாசி முன்கூட்டியே சொல்லிவிட்டார். கதையில் வந்த எல்லார் மேலும் சந்தேகப்பட்டிருந்ததால் அதில் ஒருத்தன் மாட்டிக்கொண்டான். பிறகு உடம்பைப் பற்றி ஒரு டாக்டர் எழுதிய புத்தகம்.

"நெஞ்சுக்குள்ள நாலு ரூமு இருக்குதாம்."

"ரெண்ட வாடகைக்கு வுடு."

அவள் சிரித்த சிரிப்பில் கோழி மிரண்டு ஓடியது.

ஆனி பிறந்ததும் இந்த அட்டை இல்லாத புத்தகம் வந்தது. இதில்தான் அம்மாசி மாட்டிக்கொண்டார். ஒரு ஊரில் புருசன், பெண்டாட்டி. உப்பு வாங்கிவரப் போன புருசன் திரும்பி வரவில்லை. வருசக்கணக்கில் காத்திருந்துவிட்டு அவள் தேடிப் புறப்படுகிறாள். ஊர் ஊராய்ப் போகிறாள். கடைசியில் ஒரு துறைமுகப் பட்டணத்தில், ரோட்டோரம் குடை ரிப்பேர் செய்கிற ஒருத்தனைப் பார்க்கிறாள். அதே நடை, அதே குரல், அதே கோணல் பல். ஆனால் அவன், அம்மா நீங்க யாரு என்று கேட்கிறான்.

"அவன்தான். நடிக்கறான்" என்று அன்றைக்கே அம்மாசி தீர்ப்புச் சொல்லிவிட்டார், கதை கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நேற்று படித்தது அதற்கு மேலே. அந்தப் பெண் குடைக்காரனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவள் புருசனுக்கு உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டு பறக்கும். அதனால் வேண்டுமென்றே உப்பே போடாமல் சோறாக்கிக் குழம்பு வைக்கிறாள். இலையைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். அவன் பிசைந்து முதல் கவளத்தை எடுத்து வாயில் வைக்கிறான்.

அந்த இடத்தில் சாலம்மாள் புத்தகத்தை மூடினாள். "கண்ணு எரியுது. நாளைக்கிப் பாத்துக்கலாம்."

படி, இன்னம் ஒரு பக்கம் படி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால், நீ கேட்டுக்கினுதான் இருந்தியா என்பாள். "எனக்கின்னா, மூடு" என்று சொல்லிவிட்டு அம்மாசி கொசுவலை கட்டினார்.

வாசலில் பந்தலுக்கடியில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. குளிப்பாட்டியாகிவிட்டது, மஞ்சள் பூசிப் பூ வைத்தாகிவிட்டது. பிறந்த வீட்டுக் கோடி மட்டும் வரவில்லை. சுமங்கலியாய்ப் போனவளுக்கு அண்ணன் தம்பி எடுத்துவந்த புடவையைப் போர்த்தாமல் பாடையைத் தூக்க முடியாது.

"முனியனுக்குச் சொல்லியாச்சா இல்லியா?" பங்காளி சின்னக்கண்ணு கேட்டார்.

"நான் ஃபோன் பண்ணிட்டன் பெரிப்பா" என்றாள் கோகிலவாணி, அப்பாவைப் பார்க்காமல்.

முனியன் சாலம்மாளின் தம்பி. சின்னசேலம் ரயிலடியில் சைக்கிள் ஸ்டாண்டு பார்க்கிறான். கோகிலவாணி வயசுக்கு வந்து மஞ்சத்தண்ணி ஊற்றியபோது தாய்மாமன் வரும் பஸ் தாமதம். மாமன் மாலை போடுவதற்கு முன்னாலேயே போட்டோக்காரனை எடுக்கச் சொல்லிவிட்டார் அம்மாசி. வந்து பார்த்த முனியன் சீர்த்தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினான். அத்தோடு போக்குவரத்து நின்றது. கோகிலவாணிக்கு இப்போது காலேஜ் போகிற மகள் இருக்கிறாள்.

"அவன் வர மாட்டான்" என்றார் அம்மாசி. "வேற யாராச்சும் அவங்க வகையறாவுல ஒரு பொடவ எடுத்தாரச் சொல்லு."

"கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப வகையறா இன்னாத்துக்குடா? நீ வாய மூடிக்கினு குந்து" என்றார் சின்னக்கண்ணு.

வெயில் சாய ஆரம்பித்தபோது ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முனியன் இறங்கினான். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் மாலை, துணிக்கடைப் பை. மேளக்காரர்கள் எழுந்து அடிக்கத் தொடங்கினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராக அக்காள் தலைமாட்டுக்குப் போய்க் குங்குமக் கலர் புடவையைப் பிரித்துக் குறுக்குவாட்டில் போர்த்தினான். அது அவள் காலுக்கு எட்டவில்லை. இழுத்து இழுத்து விட்டான். பிறகு அங்கேயும் இங்கேயும் பார்த்தான்.

"கோகிலா, புஸ்தகம் எங்க?"

அம்மாசிக்கு முதுகு நிமிர்ந்தது.

"எந்தப் புஸ்தகம் மாமா?"

"அட்ட இல்லாதது. அக்கா படிச்சிக்கினு இருந்தாங்களே."

"அத்த அம்மா தலைக்கடியில வெச்சிட்டன் மாமா. மஞ்சத் துணியில சுத்தி, தலகாணி மாதிரி. அதான் அவங்களுக்குப் புடிச்சது. கூடவே போவட்டும்."

முனியன் தலையை ஆட்டினான். அம்மாசி எழுந்து போய், பந்தல் ஓரம் பெண்களோடு முக்காடு போட்டு நின்ற ஷாஜியா முன்னால் நின்றார்.

"இந்த வெவகாரம் அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

ஷாஜியாவுக்கு யாரைச் சொல்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அவருதானே ஐயா அந்தப் புஸ்தகத்தைக் குடுத்தாரு."

"உங்க லைப்ரரிது இல்லியா அது?"

"இல்லீங்க. இந்த மாசத் தினுசு அப்படி. நம்மகூடப் பேச்சு இல்லாத ஒருத்தர்கிட்டப் போயி, நான் என்ன படிக்கட்டும்னு கேட்டு, அவங்க குடுக்கறதப் படிக்கணும். யாரும் செய்ய மாட்டாங்கன்னுதான் நெனச்சேன். அக்கா மறுநாளே கேட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க. யாரோ ரயில்ல வந்தவங்க சைக்கிள் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போனதாம். அவருகிட்ட இருந்தது அது ஒண்ணுதானாம்."

"அதும் பேரு இன்னா?"

"தெரியலீங்க. அட்டையும் இல்ல, முன்பக்கமும் இல்ல. கடைசிப் பக்கம் மட்டும் சரியா இருந்துச்சு. நான் அதுக்கு முன்ன பார்த்ததே இல்ல. நீங்க முடிச்சிட்டுத் தாங்கக்கா, நானும் படிக்கறேன்னு சொல்லியிருந்தேன்."

"கடைசிப் பக்கம் இருந்துதா?"

"இருந்துச்சுங்க."

"நீ படிச்சியா?"

"இல்லீங்க ஐயா. கடைசியப் படிச்சா அப்புறம் கதையில என்ன இருக்கு?"

வெள்ளிக்கிழமையானால் கோயிலுக்குப் போகிறேன் என்று தலைசீவிக்கொண்டு கிளம்பினாளே, திருநீறு இல்லாத நெற்றியோடு திரும்பி வந்தாளே, அது இப்போது அம்மாசிக்குப் புரிந்தது. தம்பியிடம் கதை சொல்லத்தான் போயிருக்கிறாள். கோபம் வருகிறதா என்று தனக்குள் பார்த்தார். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றுகொண்டிருந்தது. தம்பிக்காரனிடம் எது வரைக்கும் சொன்னாள்?

தூக்கிவிட்டார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வண்டிப் பாதையில் பாடை குலுங்கிப் போனது. மேற்கே கல்வராயன் மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. அம்மாசியின் கண் பாடையில் தலைமாட்டுப் பக்கமே இருந்தது. மாலைக்கடியில் மஞ்சள் துணி நுனி தெரிந்தது. நாலு ஆள் தோளில் போகிற ஒன்றிலிருந்து எப்படி எடுப்பது? எடுக்கலாம். நிறுத்துங்கடா என்றால் நிறுத்துவார்கள். இன்னாத்துக்கு என்று கேட்பார்கள். அதுதான் இடைஞ்சல்.

சுடுகாட்டில் குழி தயாராக இருந்தது. இறக்கிவைத்துக் கடைசியாய் முகம் பார்த்தார்கள். குழி வெட்டியவர் கால் கட்டு, கைக் கட்டு, தாடைக் கட்டு ஒவ்வொன்றாய் அவிழ்த்தார். குழிக்குள் எந்த முடிச்சும் போகக் கூடாது. அப்படியே தலைக்கடியில் கையை விட்டவர் மஞ்சள் துணிப் பொட்டலத்தை வெளியே எடுத்தார்.

"இது இன்னா, முடிச்சு போட்டுக்கீது?"

"புஸ்தகம். பொண்ணு வெச்சிது" என்றார் சின்னக்கண்ணு.

"வெக்கறதா, எடுக்கறதா?"

"பொணத்தோட வந்தத வூட்டுக்குள்ள எடுத்தாரக் கூடாது" என்றான் ஒருத்தன்.

"காயிதம்தானடா. நகையா, நட்டா? எடுக்கலாம்" என்றான் இன்னொருத்தன்.

"நீங்க யாரும் சொல்லாதீங்க. கட்டுனவன் சொல்லட்டும். அம்மாசி, இன்னாடா சொல்ற?"

எல்லாரும் பார்த்தார்கள். குழி வெட்டியவர் முடிச்சை அவிழ்த்துத் துணியை உதறி, வெறும் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் கடைசிப் பக்கங்கள் புரண்டன. குழிக்கு அந்தப் பக்கம் முனியன். அவன் கண்ணும் அதன் மேலேயே இருந்ததை அம்மாசி பார்த்தார்.

எடு என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால், புஸ்தகம் படிச்சா சோறு வருமா என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்த அம்மாசிக்கு அது எதற்கு என்று சின்னக்கண்ணு கேட்பார். கிழவன் பெண்டாட்டி படிக்கக் கதை கேட்டுக்கொண்டிருந்தான் என்று டீக்கடையில் ஒரு மாசம் ஓடும். ஓடிவிட்டுப் போகட்டும். ஆனால் இவன் எதிரிலா? சீர்த்தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவன் கொடுத்த புத்தகத்தை, அவன் பார்க்க, கையை நீட்டி வாங்கிக்கொள்வதா?

"உள்ளியே வெய்யி" என்றார்.

முனியன் குழி விளிம்பு வரைக்கும் வந்து குனிந்து பார்த்தான்.

உடம்பைக் குழியில் இறக்கி, புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அம்மாசி முதல் பிடி மண்ணைப் போட்டார். பிறகு எல்லாரும் போட்டார்கள். மண்வெட்டி வேகமாக வேலை செய்தது. மேடு ஏறும் வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார், யாரோ கையைப் பிடித்துத் திருப்பும் வரை.

கொல்லை ஒன்றில் மோட்டாரைப் போட்டு வைத்திருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் விழும் இடத்தில் ஒவ்வொருவராய்த் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பினார்கள். "தீட்டுத் தண்ணிய ஊத்திக்கினு சீக்கிரமா வந்து சேரு, வெளக்கப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சின்னக்கண்ணும் நடந்தார். அம்மாசி தொட்டிக்குள் இடுப்பளவு நின்றார். வேட்டி தண்ணீரில் ஊதி மிதந்தது. நிமிர்ந்தபோது தொட்டிச் சுவரில் முனியன் உட்கார்ந்திருந்தான். வேறு யாருமில்லை.

"மாமா" என்றான் முனியன்.

அம்மாசி தலையைத் துவட்டினார்.

"அந்தக் கொடக்காரன்..."

துவட்டுவது நின்றது.

"அவன் அவ புருசன்தானா, இல்லியா மாமா?"

அம்மாசி அவனையே பார்த்தார். பிறகு தொட்டி விளிம்பைப் பிடித்து மெல்ல ஏறினார். ஏறுவதற்கு முனியன் கை கொடுத்தான், அவர் பிடித்துக்கொள்ளவில்லை.

"உனக்கு எது வரைக்கும் சொன்னா?"

"அம்மா நீங்க யாருன்னு கேட்டானில்ல, அது வரைக்கும். போன வெள்ளிக்கெழம. நான் படிக்கத் தெரியாதவன் மாமா, தெரியுமில்ல. சும்மா தூக்கிக் குடுத்தன். படிச்சிட்டு நீதான் வந்து சொல்லணும்னு சொன்னன். வாராவாரம் வந்து சொல்லிச்சி. நீ பக்கத்துல குந்திக் கேக்கறதையும் சொல்லிச்சி."

"அதுக்கு மேல நடந்துச்சி."

"இன்னா நடந்துச்சி?"

அம்மாசி சொன்னார். சோறாக்கியதைச் சொன்னார், உப்புப் போடாததைச் சொன்னார், இலை போட்டதை, கதவுக்குப் பின்னால் நின்றதை. சொல்லச் சொல்லச் சாலம்மாள் நிறுத்தி நிறுத்திப் படித்த இடத்தில் எல்லாம் அவருக்கும் பேச்சு நின்று நின்று வந்தது.

"வாயில வெச்சிட்டானா?"

"வெச்சிட்டான்."

"அப்புறம்?"

"அது வரைக்கும்தான் படிச்சா."

முனியன் சுடுகாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அடப் போ மாமா! அத்த எடுத்திருக்கலாமில்ல? வாயத் தொறந்து எடுன்னு சொல்றதுக்கு இன்னா?"

"நீ சொல்லியிருக்கலாமே. உன் புஸ்தகம்தான்?"

"நீதான் கட்டுனவன். நான் எந்த மொறையில கேக்கறது? கேட்டா நீ இன்னா சொல்லுவன்னு எனக்குத் தெரியாதா?"

"இன்னா சொல்லுவன்?"

"மொறச்சிக்கினு நிப்ப."

அம்மாசி முறைத்துக்கொண்டுதான் நின்றார்.

"அவன்தான் புருசன்" என்றார். "நான் மொதல்லயே சொல்லிட்டன். உப்பில்லன்னு எலையத் தூக்கி அடிச்சிருப்பான். அதுல மாட்டிக்குவான்."

"இல்ல மாமா."

"இன்னா இல்ல?"

"பேசாம துன்னுட்டுப் போயிருப்பான். அப்பத்தான் அவன் புருசன். வுட்டுட்டு ஓடனவன் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உப்பு கேப்பான்? வேத்தாளா இருந்தா, இன்னாம்மா உப்பே போடலியான்னு கேட்டுடுவான்."

அம்மாசிக்கு இது தோன்றவே இல்லை. எல்லாரையும் சந்தேகப்படுகிறவர், இந்தப் பக்கமாய் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. நம்பலாமா என்று யோசித்தார்.

"அப்ப அவளுக்கு எப்பிடித் தெரியும்? கதவுக்குப் பின்னால நின்னுக்கினு இருக்கறாளே."

"அதான் எனக்கும் தெரியல."

காற்று குளிர்ந்து வந்தது. அம்மாசி இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நனைந்த வேட்டியை அவிழ்த்தார். எட்டு முழம், தண்ணீரில் ஊறிக் கனத்துக் கிடந்தது. ஒரு தலைப்பைப் பிடித்து முறுக்கப் பார்த்தார், விரலில் பிடி நிற்கவில்லை. முனியன் சுவரிலிருந்து இறங்கி வந்து மறுதலைப்பைப் பிடித்துக்கொண்டான். ரெண்டு பேரும் பின்னால் நகர்ந்து நகர்ந்து வேட்டியை நீளமாக இழுத்தார்கள்.

"வலப்பக்கம் முறுக்கு" என்றார் அம்மாசி.

"முறுக்கறன் மாமா. நீ அந்தப் பக்கம் முறுக்கு."

வேட்டி கயிறாய்த் திரண்டது. அதன் நடுவிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது.